இரண்டு வினாத்தாள்களுக்கு நடுவே

சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வெளியான அன்று, வாப்பாவின் தங்கை ஷிஹாரா மாமி தொதல் என்ற இனிப்புத் தட்டோடு இல்மாவின் வீட்டுக்குள் நுழைந்தாள்.

"கணக்குல ஏ! பாத்தியா புள்ள, அண்டைக்கு ஒனக்குச் சொல்லாம விட்டது எவ்வளவு நல்லமாப் போச்சு!"

தட்டு முற்றத்தில் போய் விழுந்தது. பதினாறு வயது இல்மா எறிந்த கையை மறைக்கவும் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் இல்லை. தொதலைக் காகம் கொத்திக்கொண்டு போயிற்று.

அன்றைக்கு என்றால், கணிதப் பரீட்சை நாள். அவள் புத்தளத்தில் முதல் வினாத்தாளை எழுதிக்கொண்டிருந்தபோது, உப்பளத்தில் வேலைசெய்த வாப்பா ஹயாத்து முகம்மது மாரடைத்து உப்புப் பாத்தியிலேயே விழுந்து இறந்தார். பரீட்சை கெட்டுவிடும் என்று அஞ்சி எவரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. இரண்டாம் வினாத்தாளையும் எழுதிவிட்டு வீடு வந்தவளைக் கற்பூர வாசனைதான் வரவேற்றது. வாப்பாவின் ஜனாஸாவை மண்ணில் அடக்கியாயிற்று. கடைசியாக முகம் பார்க்கும் உரிமைகூட அவளுக்கு இல்லாமற்போயிற்று.

அன்று இரண்டு வினாத்தாள்களுக்கும் நடுவே, இடைவேளையில் றிப்தி வந்திருந்தான். அடுத்த வீட்டு வளவுப் பையன், உயர்தர வகுப்பில் படிக்கிறவன். பாடசாலை வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு போத்தலில் உப்புப் போட்டுப் புளிக்கப் பிழிந்த தேசிக்காய்த் தண்ணீரை நீட்டினான். தனக்காக இவ்வளவு தூரம் வெயிலில் வந்தானே என்ற பூரிப்பில், தன் மனம் அவனிடம் இருப்பதை அவள் அப்போதுதான் அறிந்தாள். வாப்பாவின் மேல் மண் விழுந்த வேளையில் அவள் தனக்குள் சிரித்தபடி கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அதற்காக, தெரிந்தும் சொல்லாத அவனையும் மன்னிக்கவில்லை, தன்னையும் மன்னிக்கவில்லை.

அதன்பின் உப்புக் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் நாவில் பட்டால் போதும், காலம் வழுக்கிவிடும். அதே நண்பகலில், அதே வாசலில் நிற்பாள். அது வெறும் நினைவு அல்ல; பிடரியில் வெயில் சுடும். ஆனால் வாய் அன்று பேசியதையே பேசும். கண்கள் மட்டும் அவள் சொற்படி கேட்கும். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தையே துருவுவாள்: பொய் எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது?

இன்றும், வந்தவர்களுக்கென்று கரைத்து வைத்திருந்த தேசிக்காய்த் தண்ணீரில் ஒரு குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

"வாப்பா சாப்பிட்டாரா?" என்று பாடசாலை வாசலில் அவள் வாய் கேட்டது.

"ஓம். நீங்க நல்லா எழுதுங்க" என்றான் றிப்தி.

அந்த "ஓம்" பொறுக்காமல் பார்வையைத் தாழ்த்தினாள். அவன் கையில் ஒரு பச்சைப் போத்தல். அதன் கழுத்தில் நைலோன் கயிறு. உப்பளக் கொட்டிலில் தொங்கவிடுவதற்கு வாப்பா தம் கையால் போட்ட முடிச்சு!

பரீட்சை மணி அடித்தது. மீண்டும் வீடு. வாழ்த்துச் சொல்ல வந்து வேலியோரம் தயங்கி நின்ற றிப்தியிடம் நேரே போனாள்.

"அந்தப் போத்தல் ஆருட?"

அவன் வெளிறிப்போனான். "ஒங்கட வாப்பாட. காலையில அவரே கரைச்சது, குடிக்கல்ல. அவர் போன விசயத்தச் சொல்லப்படாதெண்டு ஒங்கட உம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. போத்தலக் கண்டா வெளங்கிக்குவீங்க எண்டு நெனச்சன். நீங்க என்ட மொகத்தையே பாத்துட்டு நிண்டீங்க."

"வெளங்கல்ல எண்டு கண்டதும் வாயத் தொறந்திருக்கலாமே! ஒங்கட வாப்பாவா இருந்தா, சத்தியத்தக் கட்டிப் புடிச்சிட்டு நிப்பீங்களா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"போங்க. என்ட கண்ணுக்கு முன்னால நிக்காதீங்க."

உள்ளே வந்து இன்னொரு குவளையை எடுத்தாள்.

"என்ன புள்ள, ஒட்டகமா நீ?" என்றாள் மாமி.

கோபம் ஒரு துளியும் தணியவில்லை. அதோடேயே குடித்தாள். பிடரியில் வெயில் சுட்டது. எதிரே சைக்கிள் நின்றது, றிப்தியும் நின்றான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மணி அடிக்கும்வரை வாப்பா போட்ட அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.