நிறம் நீங்கிய அறுகோணம்

சென்ற மாதம் மீனாட்சிபுரத்தில் என் வீட்டுக்கு வந்த அஞ்சலட்டையில் எஸ்தர் இறந்துவிட்டாள் என்றிருந்தது. சூரியநெல்லித் தோட்டப் பள்ளியில் அவளோடு வேலை பார்த்தவர் எழுதியிருந்தார். நான்கு நாள் காய்ச்சல். மலையில் மழை, தபால் கீழே வருவதற்குள் அடக்கம் முடிந்து எட்டு நாளாகியிருந்தது. கல்லூரியில் எங்களோடு படித்த உங்களில் பலருக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியவரும். கர்த்தரிடம் சேர்ந்தாள் என்று எழுதினால் அவளுக்குப் பிடித்திருக்கும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இறந்தாள் என்றே எழுதுகிறேன்.

கணிதப் பட்டம் வாங்கிய நாம் ஊர்ப் பள்ளிகளைத் தேடிக்கொண்டபோது அவள் மலையேறினாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க எவளும் போட்டிக்கு வரமாட்டா" என்றாள்.

அதன்பின் பல ஆண்டுகள் கடிதத்திலேயே நாங்கள் ஒரு கணக்கைச் செய்துவந்தோம். ஒரு பெஞ்சில் மூன்று பிள்ளைகள் ஆறு விதமாக உட்காரலாம். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு புள்ளி. இடப்பக்கத்து இருவர் இடம் மாறினால் சிவப்புக் கோடு, வலப்பக்கத்து இருவர் மாறினால் நீலக் கோடு. புள்ளிகள் அறுகோணமாகச் சேரும். நிறத்தின்மேல் அதே நிறம் விழும்படி அதைச் சுழற்றியும் கவிழ்த்தும் அதன்மேலேயே எத்தனை விதமாக வைக்கலாம்? ஆறு, வரிசைகள் எத்தனையோ அத்தனை. பிள்ளைகள் எத்தனை பேரானாலும் இப்படியே என்று நிறுவினோம்.

அதை நான் கட்டுரையாக்கினேன். அச்சகத்தில் வண்ண மை இல்லை. கோடுகளையெல்லாம் கறுப்பில் வரைந்து, இதனால் முடிவு மாறாது என்று ஒரு வரி சேர்த்தேன். கட்டுரையின் பிற்பாதி முழுதும் அந்த வரியில்தான் நின்றது. எங்கள் இருவர் பெயரும் முதன்முறையாக அச்சேறியிருந்த அந்தப் படியோடு கோடை விடுமுறையில் சூரியநெல்லிக்குப் போனேன்.

எஸ்தர் தன் பெயரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அறுகோணத்தை மெல்லிய தாளில் பிரதியெடுத்து, படத்தின்மேல் வைத்து, ஒரு மூலை அளவுக்கு மட்டும் சுழற்றினாள். பொருந்திவிட்டது. நிறம் இருந்திருந்தால் சிவப்பு நீலத்தின்மேல் விழுந்திருக்கும். கறுப்பில் ஆறல்ல, பன்னிரண்டு. மிகச் சிறிய படத்தையே நான் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

"ஏட்டி, அச்சாபீசுல மை இல்லேன்னா கணக்கு ஒத்துக்கிடுமா?"

ஒரு வரியை யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

"நான் பாத்துட்டேம்லா."

மறுநாள் காலையிலேயே மலையிறங்கினேன். பிழை என்று இதழுக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அவள் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவள் இறக்கும்வரை, ஒன்றரை ஆண்டாக, எதற்கும் நான் பதில் போடவில்லை. தவறு என்னுடையது என்பதால்தான் அவள்மேல் கோபம் தீரவில்லை என்று இன்று தெரிகிறது.

கடைசிக் கடிதத்திலும் குறைசொல்லவில்லை. "நிறத்தை நீக்கினாலும் இந்த எண்ணிக்கை கூடாத படங்கள் எவை?" என்று கேட்டிருந்தாள். "நீ சொன்னால் நம்பமாட்டேன். நிறுவி அனுப்பு."

அந்தக் கேள்விதான் அவளிடமிருந்து என்னிடம் இருப்பது. அஞ்சலட்டை வந்தபிறகு, பள்ளி விட்டதும் தினம் உட்கார்ந்து அதில் ஒரு பகுதிக்கு விடை எழுதியிருக்கிறேன். சரி என்றுதான் தோன்றுகிறது. முன்பும் அப்படித்தான் தோன்றியது.