சரணத்தின் நடுவே ஒரு பொன்னாடை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆயுத பூஜை அன்று சாயங்காலம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் முற்றத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனராகப் போய் சாங்லி, கோலாப்பூர் பக்கம் சில வருடம் சுற்றியதில் மராத்தி வந்துவிட்டது. அப்போது அந்த ஆலையில் ஒப்பந்தக் கூலியாகக் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்த்த மராத்திக்காரர்கள், பூஜைக் கச்சேரியில் தங்கள் பாஷையிலும் ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டு, தங்கள் ஊர்ப்பக்கத்துப் பாடகர் ஒருவரை வரவழைத்தார்கள். சினிமாவுக்கு இசையமைத்தவர். அவரை சென்ட்ரலிலிருந்து அழைத்து வருவதும், மேடையில் அவர் பேசுவதைத் தமிழில் சொல்வதும் என் பொறுப்பு.

மின்சார ரயிலில் வரும்போது தன் கதையைச் சொன்னார். என்னைவிட எவ்வளவோ மூத்தவர், ஆனாலும் என்னை ‘அண்ணா’ என்றே கூப்பிட்டார். தமிழனுக்கெல்லாம் அதுதான் பெயர் என்று எண்ணம் போல. அவருடைய அப்பா கூத்துக் குழுவில் மேளம் அடித்தவர். இவர் மீசை முளைக்கும் முன்பே மேடையில் பாடி, பம்பாய்க்கு ஓடி, கோரஸில் நின்று, ஹார்மோனியம் கற்று, பத்துப் பன்னிரண்டு மராத்திப் படங்களுக்கு இசையமைத்திருக்கிறார். அதில் ஒரு பாட்டு கல்யாண வீடு, டீக்கடை என்று எங்கும் ஒலித்ததாம். ஆனால் படத்தில் தயாரிப்பாளரின் மைத்துனன் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். இவர் வழக்குப் போட்டார். வழக்குப் போட்டவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வாய்ப்பு நின்றது. பிறகு தொண்டையில் ஆபரேஷன். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பாட்டுதான் தாங்கும். அந்த ஒரு பாட்டாக, பெயர் பறிபோன அந்தப் பாட்டையேதான் பாடுகிறார்.

“அதைப் பாடி முடிக்கிற வரைக்கும்தான் அண்ணா நான் மியூசிக் டைரக்டரு” என்றார்.

மேடையில் அவர் பாட ஆரம்பித்ததும் மராத்திக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பாஷை புரியாத நம் ஆட்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முதல் சரணம் முடிந்து, இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டு குரலை மேலே ஏற்றினார். அப்போது எங்கள் காண்ட்ராக்டர் ஆலை மேனேஜரை அழைத்துக்கொண்டு, கையில் பொன்னாடையோடு, படியருகே நின்றிருந்த என்னைத் தாண்டி மேடை ஏறினான். தபலாக்காரரிடம் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான். பாடுகிறவர் தோளில் துணி விழுந்தது. “சார், இந்தப் பக்கம் பாருங்க” என்று போட்டோக்காரர் கத்தினார். காண்ட்ராக்டர் மைக்கைப் பிடுங்கி, பாடகர் பெயரை நாலைந்து தடவையும் மேனேஜர் பெயரை அதைவிட அதிகமாகவும் சொல்லிவிட்டு, “ம், இப்போ பாடு” என்றான்.

அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. நின்றுபோன தொண்டை மறுபடி எழும்பவில்லை.

மைக்கை இழுத்து, கம்மிய குரலில் மராத்தியில் ஏதோ சொன்னார். அவருடைய ஊர்க்காரர்கள் கையைத் தட்டினார்கள். காண்ட்ராக்டர் என் சட்டையைப் பிடித்தான்.

“இன்னாடா சொல்றான் அந்தாளு?”

“மைக்குல சொல்றேன்.”

“ரொம்ப சந்தோசம்னு சொல்லிட்டு எறங்கு. நாளைக்கு வேலைக்கு வரணுமா இல்லியா?”

அந்த வேலையை விட்டால் எனக்கு அன்றைக்கு வேறு போக்கு இல்லை. ஆனாலும் மைக்கைக் கையில் வாங்கினேன். அவர் சொன்னதை அப்படியே சொன்னேன்: “பம்பாயில என் பேரை எடுத்துட்டாங்க, பாட்டை உட்டு வச்சாங்க. நீங்க என் பேரை இத்தினி வாட்டி சொல்லிட்டு பாட்டை வெட்டிட்டீங்க. உங்களுக்கு அவங்களே தேவலாம்.”

பின்னாலிருந்து கேன்டீன் அக்கா ஒருத்தி மட்டும் குரல் கொடுத்தாள்: “கரெக்டாத்தான கேக்குறாரு! பாடிக்கினு இருக்கிற மன்சன் மேல துணியப் போத்துறீங்களே, அவரு இன்னா பொணமா?”

“நீ நாளைலேர்ந்து வராத” என்றான் காண்ட்ராக்டர் என்னிடம்.

“வரல, போய்யா” என்றேன்.

அவர் பொன்னாடையை மைக் கம்பியிலேயே மாட்டிவிட்டு இறங்கினார். ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப் போனேன். ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து அழுத்தினார், அவ்வளவுதான்.

எனக்கு வேலைகள் வரும், போகும். ஆனால் தடுத்திருக்கக்கூடிய இடத்தில் நின்றும் நான் தடுக்காததால் வெட்டுப்பட்ட அந்தப் பாட்டு போனது போனதுதான்; அதனால் இன்றைக்கும் எந்த ஊர்க் கச்சேரியிலாவது பாட்டு நடுவே ஒருவன் பொன்னாடையோடு மேடைப் படியில் கால் வைத்தால் குறுக்கே போய் நிற்கிறேன், அதற்காக அடியும் வாங்கியிருக்கிறேன், இனியும் நிற்பேன்.