வெந்நீர்ப் பொறாமை

பொறாமைப்படாத பொம்பளை நான் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கொழுந்தனார் பெண்டாட்டியைப் பார்த்து வயிறெரிந்தே ஒரு மார்கழியைக் கழித்தவள் நான்.

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த வருஷம் அது. நாங்கள் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் பயிர் வைக்கிற குடும்பம். அரையாண்டு லீவு விட்டதும், மெட்ராஸில் வேலை பார்த்த கொழுந்தனார் தன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து இறங்கினார். நாலு நாள் தங்குவதாகத்தான் பேச்சு. வந்த மறுநாளே மறியல்காரர்கள் புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள், பஸ் நின்றுபோனது.

கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்த வருஷம் எலும்பைக் குடைந்தது. எனக்கோ ஐப்பசியிலிருந்தே இளைப்பு. குனிந்து நிமிர்ந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். யாரிடமும் மூச்சு விடவில்லை. மூத்த மருமகள் படுத்துவிட்டால் அடுப்பை யார் பார்ப்பது?

எங்கள் வீட்டில் குளிக்க ஒரு வரிசை உண்டு. கொல்லையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலைத் தோல் போட்டு எரித்து அண்டாவில் வெந்நீர் காயும். மாமனார், ஆம்பளைகள், பிள்ளைகள், மாமியார், கடைசியாக மருமகள். என் முறை வரும்போது அண்டா காலி. ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

கொழுந்தனார் வந்த முதல் நாளே அந்த வரிசையைத் தூக்கிப் போட்டார். விடிந்ததும் தனியாக ஒரு தவலை வைத்து, தானே குந்தி அடுப்பை ஊதி, "தண்ணி காஞ்சிடுச்சி, வா" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார். அவள் நல்லெண்ணெய் தேய்த்து நிதானமாகக் குளித்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்து தலை காயவைப்பாள். கையில் சுக்குக் காப்பி வேறு. லீவு என்றால் உடம்புக்கும் மனசுக்கும் ஓய்வு வேண்டுமாம். மகாராணி! கரிப் பாத்திரங்களுக்கு நடுவே இருந்து பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரரோ, குளித்த சொம்பைக்கூடக் கவிழ்க்காமல் கழனிக்குப் போகிறவர்.

ஒரு நாள் அவளே வந்து, "யக்கா, தவலையில சுடுதண்ணி கீது, நீ ஊத்திக்கோ. மூஞ்சியெல்லாம் வீங்கிக்கினு வருதே" என்றாள்.

அவள் மிச்சம் வைத்த தண்ணீரா எனக்கு? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குப் பச்சத்தண்ணிதாம்மா ஒத்துக்கும். வெந்நி ஊத்திக்கினா ஒடம்பு சோம்பேறியா பூடும்" என்றேன். கேட்டுக்கொண்டிருந்த மாமியார், "மூத்தவ ஒடம்பு இரும்பு" என்று மெச்சினார். இது போதாதா? அன்றிலிருந்து எல்லோர் கண்ணிலும் படும்படி கிணற்றடியில் நின்று வாளி வாளியாக ஊற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அங்கேயே மூச்சு அடைத்துவிட்டது. வாயைத் திறக்கிறேன், காற்று உள்ளே போகவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரர் சைக்கிள் கேரியரில் என்னை உட்கார வைத்துத் தள்ள, நான் சரியாமல் என் முதுகைத் தாங்கிக்கொண்டே கொழுந்தனார் பெண்டாட்டி நடந்தாள். வெட்டிப்போட்ட மரம் வந்தால் என்னை இறக்கி, சைக்கிளைத் தூக்கித் தாண்டி, மறுபடி ஏற்றி, சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. ஊசி போட்ட டாக்டர், "இந்தக் குளிர்ல பச்சத்தண்ணி ஊத்தினா அடுத்த தடவை பொழைக்க மாட்டம்மா" என்றார்.

வீட்டுக்காரர் மாத்திரை வாங்கப் போனார். நான் அவளிடம் வெடித்துவிட்டேன். "ஒனக்கின்னாடி, வெந்நி வெச்சுக் குடுக்க ஆளு கீது. எனக்கு யாரு கீறாங்க?"

அவள் கோபப்படவில்லை. "அவுரு தானா வெச்சாருன்னு நெனச்சிக்கினியா? கல்யாணமான ரெண்டாம் மாசம் ஜுரத்துல கெடந்தேன். முடியல, வெந்நி வையிங்கன்னு கேட்டேன். மொறச்சாரு. மறுநாளும் கேட்டேன், வெச்சாரு. நீ கேட்டியாக்கா?"

நான் கேட்டதே இல்லை. கேட்காமலே செய்யட்டும் என்று உர்ரென்று இருந்துவிட்டேன்.

அவர் மாத்திரையோடு வந்ததும் அவள் எழுந்து வெளியே போனாள். "என்னால முடியலங்க. நாளையிலேர்ந்து எனக்கு நீங்கதான் வெந்நி வெக்கணும்" என்றேன். முறைப்பார் என்று காத்திருந்தேன்.

"சரி. எத்தினி மணிக்கு வெக்கட்டும்?" என்றார்.

அவ்வளவேதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது. வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள், இரண்டாம் மாசத்திலேயே வாயைத் திறந்தவள். அவள்மேல் எனக்கு முன்னைவிட ஜாஸ்தியாக வயிறெரிந்தது.