பழைய சாவிக்கு இடப்பக்கக் கதவு

சாவிக்கடை வைத்திருப்பவர் எதையும் கேட்கக் கூடாது. யார் வீட்டுப் பூட்டு, ஏன் மாற்றுகிறார்கள், யாருக்குத் தெரியாமல் மாற்றுகிறார்கள், இதெல்லாம் நமக்கெதற்கு? வேலையை முடித்தோமா, அடுத்த ஆளைப் பார்த்தோமா என்று இருக்க வேண்டும். தேனி பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை போட்டிருக்கும் சுகிர்தத்துக்கு இந்தப் பாடம் மட்டும் பதினெட்டு வருஷமாக மண்டையில் ஏறவேயில்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே கேள்வி கேட்டுத்தான். கல்யாணமான புதிதில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். திறக்கவில்லை என்று யாரோ திருப்பிக் கொடுத்த பூட்டு ஒன்று மேஜையில் கிடந்தது. உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று பிரித்தாள். அவ்வளவுதான், அன்று பில் போடவில்லை. ஆறு மாதத்தில் மதுரைக்குப் போய் சாவி வெட்டும் மெஷின் வாங்கி வந்துவிட்டாள். பழனிசெட்டிபட்டி வீட்டில் கணவர் ஜோஷ்வா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான் மிச்சம். இன்று போடி, கம்பம் வரைக்கும் பழைய கார் லாக் என்றால் அவளுக்குத்தான் போன் வரும்.

போன தை மாதம் பெரியகுளம் தென்கரையிலிருந்து கஸ்தூரியம்மாள் வந்தார். மாந்தோப்புக்காரர் சங்கிலியின் மனைவி, வயது அறுபதை ஒட்டி இருக்கும். வீட்டில் எழுபத்து நாலாம் வருஷத்து ஃபியட் கார் ஒன்று நிற்கிறதாம். அதன் லாக்குகளை மாற்ற வேண்டுமாம்.

“ரெண்டு கதவு, ஸ்டார்ட் பண்ற லாக்கு, எல்லாத்துக்கும் ஒரே சாவியா போட்டுரவாம்மா?” என்றாள் சுகிர்தம். பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் கேட்பது அதுதான்.

“இல்லத்தா. எனக்கு ஒரு புதுச் சாவி வேணும், அது எல்லாத்தையும் தொறக்கணும். பழைய சாவி கதவு ரெண்டையும் தொறக்கணும். ஆனா வண்டிய ஸ்டார்ட் பண்ணக் கூடாது.”

சுகிர்தத்துக்குக் காது குறுகுறுத்தது. பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒருவர் கேட்டதில்லை. திருடன் என்றால் கதவே திறக்கக் கூடாது. டிரைவர் மேல் சந்தேகம் என்றால் சாவியைப் பிடுங்கிவிடலாம். உள்ளே போய் உட்காரலாம், ஓட்டக் கூடாது என்றால் அது யார்?

“பழைய சாவி யாருகிட்டம்மா இருக்கு?”

“வேலையப் பாரேன்.”

“செரி, சொல்ல வேணாம். எப்ப வரட்டும்?”

“வெள்ளிக்கிழம வா. அவுக மகனோட மதுரைக்குக் கண்ணு ஆஸ்பத்திரி போறாக. பொழுது சாயத்தான் வருவாக.”

அவுக என்றதும் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதிக்காக வெள்ளிக்கிழமை வரை சுகிர்தம் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஜோஷ்வா இன்றைக்கும் கேலி செய்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் பிடித்துத் தென்கரை போனாள். வாசலில் வேப்பமர நிழலில் பால் வெள்ளை நிறத்தில் கார் நின்றது. ஐம்பது வயது வண்டி என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது, அப்படி ஒரு பளபளப்பு. முதலில் ஸ்டார்ட் பண்ணும் லாக்கைக் கழற்றினாள். இந்த மாதிரி லாக்குக்குள் குட்டிக் குட்டியாகப் பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும். சாவியின் மேடு பள்ளம் எல்லாத் தகட்டையும் சரியான மட்டத்துக்குக் கொண்டுவந்தால்தான் லாக் திரும்பும். தகடுகளின் வரிசையை மாற்றி அடுக்கினால் பழைய சாவி உள்ளே போகும், திரும்பாது. வேலை அவ்வளவுதான்.

ஆனால் தகடுகள் கண்ணிலேயே படவில்லை. உள்ளே முழுக்க மெழுகு மாதிரி கருப்பாக ஏதோ அப்பிக் கிடந்தது. கதவு லாக்குகளில் அது இல்லை. கிரீஸா? இல்லை. விரலில் தொட்டு மோந்து பார்த்தாள். நல்லெண்ணெய்! அதோடு திரி கருகிய வாசனை வேறு.

“அட கர்த்தாவே! லாக்குக்குள்ள நல்லெண்ணெய ஊத்துனது யாரும்மா?”

கஸ்தூரியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குச்சனூர் எண்ணெய்த்தா. வண்டி வாங்குன வருசம் அவுகளுக்கு ஏழரை நடந்துச்சு. சனீஸ்வரன் சன்னதி விளக்குல இருந்து ஒரு சொட்டு எடுத்து சாவியில தடவி லாக்குல விட்டாக. ஒண்ணும் ஆகலேன்னதும் அதையே பிடிச்சுக்கிட்டாக. ஏழரை போயி எத்தனையோ வருசமாச்சு. சனிக்கிழம தவறாம இன்னும் நடக்குது.”

சிரித்துக்கொண்டே இருந்தவர் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். சுகிர்தம் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். 

“அவுகளுக்குக் கண்ணு நரம்பு போயிருச்சுத்தா. நேரா இருக்குறது தெரியுது, ஓரம் தெரியல. ஓட்டக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாக. கேட்டாத்தானே? போன மாசம் லட்சுமிபுரத்துக்கிட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ள சைக்கிள்ல இடப்பக்கமா வந்துச்சு. அவுகளுக்குத் தெரியவே இல்ல. நான் கத்துன கத்துல பிரேக்க மிதிச்சாக. ஒரு சாண் இருந்திருக்கும். பிள்ள சிரிச்சுக்கிட்டே போயிருச்சு, எனக்கு மூணு நாளு தூக்கமில்ல.”

“சாவிய வாங்கி வச்சுக்கிற வேண்டியதுதானேம்மா?”

“எப்பிடிக் கேப்பேன்? தெனமும் அதுல ஏறி உக்காந்து தொடைச்சுக்கிட்டு இருப்பாக. சாவிய வாங்கிட்டா மனுசன் ஒடைஞ்சு போவாக. லாக்கு பழசாயிருச்சு, எங்கைக்குத்தான் திரும்புதுன்னு சொல்லிக்கிறேன். நானும் ஓட்டப் பழகிட்டேன்த்தா. மகளிர் குழுக் கூட்டம்னு சொல்லிட்டு தேனிக்கு வந்து லைசென்ஸே வாங்கிட்டேன்.”

சுகிர்தத்துக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையெல்லாம் கருப்பாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். தொழில் தெரிந்தவர்களுக்கே வரும் கொழுப்பு அது. லாக்குக்கு எண்ணெய் ஆகாது, பென்சில் தூள்தான் போட வேண்டும் என்பதில் அவள் ரொம்பக் கறார். அத்தனை வருஷத்துக் குச்சனூர் எண்ணெயையும் பெட்ரோலில் அலசி, தகடுகளைப் பளபளவென்று துடைத்து, வரிசை மாற்றி அடுக்கி, பென்சில் தூள் தூவி மூடினாள். கதவு லாக்குகளில் இரண்டு சாவிக்கும் ஒத்துவராத தகடுகளை மட்டும் எடுத்துவிட்டாள். இரண்டு சாவியும் கதவைத் திறந்தன. சங்கிலி வீட்டில் விட்டுப் போயிருந்த அந்தப் பழைய சாவி ஸ்டார்ட் லாக்கில் அசையவே இல்லை. கஸ்தூரியம்மாள் புதுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

“எங்க வீட்டுக்காரருகிட்டக்கூட மூச்சு விட மாட்டேன்மா,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இரண்டு மாதம் போனது. பங்குனி வெயிலில் ஒரு காலை, கடை எதிரே அந்த வெள்ளை ஃபியட் வந்து நின்றது. ஓட்டி வந்தது கஸ்தூரியம்மாள். ஜவுளிக்கடைக்குப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்று இறங்கிப் போனார். போகும்போது சுகிர்தத்தை யாரோ எவரோ மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். காருக்குள் இருந்த பெரியவர், அந்த அம்மாள் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்தார். பிறகு இறங்கி நேராகக் கடைக்கு வந்தார்.

“தாயி, எங்கார் லாக்க மாத்துனது நீதானே?”

சுகிர்தம் கையிலிருந்த சாவியைத் துடைக்க ஆரம்பித்தாள். “நானா? யாரு சொன்னா ஐயா?”

“சனிக்கிழம எண்ணெயத் தொட்டு சாவிய விட்டு எடுத்தா வெரல்ல கருப்பு ஒட்டும். அம்பது வருசமா ஒட்டுது. மாசிக்கு முந்துன சனிக்கிழம எடுத்தா பென்சில் தூளு வருது. கண்ணுதான் போச்சு, வெரலு இருக்குல்ல? தேனிக்கும் கம்பத்துக்கும் நடுவுல லாக்குக்குப் பென்சில் தூளு போடுறது நீ ஒருத்திதான்னு எல்லா மெக்கானிக்கும் சொல்றான்.”

பெருமைப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை முட்டியது. புதுச் சாவிக்கு இன்னொன்று வெட்டிக் கொடு என்று கேட்கப் போகிறார். வெட்டினால் ரோட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. “ஐயா, நீங்க என்ன சொன்னாலும் அந்தச் சாவிய மட்டும் நான் வெட்ட மாட்டேன்,” என்றாள், சத்தமாகவே.

“அத யாரு கேட்டா?” சங்கிலி தன் பழைய சாவியை மேஜைமேல் வைத்தார். “லட்சுமிபுரத்துல அந்தப் பிள்ளைய நான் பாக்கவே இல்ல தாயி. அவ கத்துனதத்தான் கேட்டேன். இனி ஓட்டுறதில்லன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஆனா காலையில எந்திரிச்சா கை தானா டிரைவர் கதவுக்குத்தான் போகுது. தொறந்து உக்காந்துருவேன். அவ வந்து, இந்தப் பக்கம் வாங்கன்னு சொல்ல மாட்டாம, தரையப் பாத்துக்கிட்டே நிப்பா. பாவம், சங்கடப்படுறா. பெறகு நானா எந்திரிச்சு அந்தப் பக்கம் போவேன். தெனமும் இந்தக் கூத்து.”

“அதுக்கு நான் என்ன செய்யணும் ஐயா?”

“இந்தச் சாவி இடப்பக்கக் கதவ மட்டும் தொறக்கணும். டிரைவர் கதவு தொறக்கக் கூடாது. தொறக்கலைன்னா உக்கார மாட்டேன்ல, எந்திரிக்கவும் வேணாம்ல. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். என்னைய ஏமாத்த இம்புட்டுப் பாடுபட்டிருக்கா, அது அப்படியே இருக்கட்டும்.”

சுகிர்தம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு டூல்ஸ் பெட்டியைத் தூக்கினாள். நாற்பது நிமிடத்தில் டிரைவர் கதவின் லாக்கைக் கழற்றி, முன்பு எடுத்திருந்த தகடுகளைத் தேடி, புதுச் சாவியின் வரிசைப்படி திரும்பப் போட்டாள். இந்த முறை பென்சில் தூளைக் கையில் எடுத்தவள், பாட்டிலுக்குள்ளேயே கொட்டிவிட்டாள். சங்கிலி சட்டைப்பையிலிருந்து ஒரு குட்டி எண்ணெய்ப் புட்டியை எடுத்து நீட்டினார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சுகிர்தம் ஒரு லாக்கில் நல்லெண்ணெய் விட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போன் வந்தது. கஸ்தூரியம்மாள்.

“ஏத்தா, டிரைவர் கதவும் இப்ப அவுக சாவிக்குத் தொறக்கல. என்னன்னு தெரியுமா?”

என்ன, ஏன், எப்படி என்று ஊரையே கேட்டுக் குடைந்தவள், “பழைய லாக்குதானேம்மா, அப்பிடித்தான் இருக்கும்,” என்றாள்.

“அவுகளும் இதேதான் சொன்னாக. சொல்லிட்டு அவுகளா அந்தப் பக்கம் போயி ஏறிக்கிட்டாக. சிரிச்சாகத்தா. அந்தச் சைக்கிளுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் சிரிச்சாக.”