சீனன்குடாத் தராசு

என் வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் சின்ன விமானத்தில் ஏறியிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. ஏறுவதற்கு முந்திய ஒரு வாரம் முழுவதும் பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை. அந்தப் பயத்துக்கு முழுப் பொறுப்பும் என் வாப்பாதான்.

வாப்பா உப்புவெளியில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டினார். கொழும்பிலிருந்து வாடகைக்குப் பேசிய சின்ன விமானத்தில் வெள்ளைக்காரர்கள் சீனன்குடா விமான நிலையத்தில் வந்து இறங்குவார்கள். அவர்களை ஏற்றி இறக்குவது அவருடைய வேலை. குறிஞ்சாக்கேணியில் எங்கள் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்ததும் அன்றைய கதைகளை அவிழ்ப்பார். அந்த விமானத்தில் ஏறுகிற ஆட்களையும் நெல் மூட்டையைப்போல நிறுப்பார்களாம். பாரம் கூடினால் விமானம் எழும்பாதாம். எழும்பினாலும் துறைமுகத்துக் கடலுக்குள் போய்த் தொபுக்கென்று விழுமாம். தொந்திக்காரர் ஒருவர் தன் பெட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனாராம். வாப்பா சிரிக்கத்தான் சொன்னார், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதே விமானத்தில் நாங்களே போகப்போகிறோம் என்று தெரிந்த அன்றைக்கு என் சிரிப்பு நின்றுபோனது.

உம்மாவுக்கு வயிற்றில் ஒரு கட்டி. கொழும்பில் பெரிய டொக்டரைக் காட்ட வேண்டும் என்றார்கள். "சும்மா ஒரு கட்டி" என்றே என்னிடம் எல்லோரும் சொன்னதால் நானும் அதைச் சும்மா ஒரு கட்டியாகவே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுங்கிக்கொண்டு போக உம்மாவால் ஏலாது. வெள்ளைக்காரர்களை இறக்கிவிட்டுத் திரும்பும் விமானத்தில் மூன்று இடம் வாங்கித் தருவதாக ஹோட்டல் மனேஜர் வாப்பாவுக்குச் சொல்லியிருந்தார். என்னை உம்மாவின் தங்கையான சாச்சியோடு விட்டுவிட்டுப் போகலாம் என்று வாப்பா சொல்லிப் பார்த்தார். உம்மா சம்மதிக்கவில்லை.

ஆட்களின் நிறையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வாப்பா தனக்கு எழுபத்திரண்டு என்றும் எனக்கு இருபத்திரண்டு என்றும் போனில் சொன்னார். உம்மாவின் பழைய கிளினிக் அட்டையைத் தேடி எடுத்து, அதில் இருந்தபடி அறுபத்தொன்று என்றார். நான் பக்கத்தில் நின்று விரல்விட்டுக் கூட்டினேன். நூற்றைம்பத்தைந்து கிலோ! அவ்வளவையும் எந்தக் காற்று தூக்கும்?

எங்கள் பக்கத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் வீடுவீடாகப் போய் மாப்புக் கேட்பார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லாத பயணம் என்பதால், யார் மனதிலும் தங்கள்மேல் குறை இருக்கக் கூடாது என்று கேட்பது. உம்மாவுக்கு நடக்க ஏலாததால், புறப்படுகிற நாள் காலையில் ஊர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. கோழி ஒன்றுக்காக மூன்று வருடம் உம்மாவுடன் பேசாதிருந்த அடுத்த வளவுப் பெண்கூட வந்து, உம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அல்லாவுக்காக எல்லாத்தையும் மன்னிச்சிக்கங்க புள்ள" என்று அழுதார். விமானம் விழப்போவது ஊருக்கே தெரிந்திருக்கிறது, எங்களைத் தெரிந்துகொண்டே அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன்.

கடைசியில் உம்மா என்னைக் கதிரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். "மகள், உம்மா உனக்கு ஏசியிருப்பன், அடிச்சிருப்பன். எல்லாத்தையும் மன்னிச்சிரு."

எனக்கு ஒரு வழி தெரிந்தது. ஒருவர் மன்னிக்காவிட்டாலும் கணக்குத் தீராது என்று ஓதப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கணக்குத் தீராமல் பயணம் எப்படிப் புறப்படும்?

"மன்னிக்க ஏலா" என்றேன்.

"ஏன் மகள்?"

"மன்னிச்சா நீங்க போயிருவீங்க."

"விசர்ப் புள்ள, என்ன கதை கதைக்கிறா!" என்று சாச்சி என் தோளில் ஒன்று வைத்தார். நான் அசையவில்லை. ஆனால் பயணமும் நிற்கவில்லை. வேன் வந்து நின்றது. கொழும்பில் நாங்கள் தங்கப்போகும் வீட்டாருக்கென்று சாச்சி இரண்டு பெரிய தயிர்ச் சட்டிகளை வேனில் ஏற்றினார். எங்களைக் கொல்லப் போவது அந்தச் சட்டிகள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சீனன்குடாவில் காவலரணில் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, ஒரு சின்ன மண்டபத்துக்குள் விட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. வாப்பாவின் வேன் அதைவிடப் பெரிதாக இருக்கும்போல் எனக்குத் தோன்றியது. தரையில் தராசு. பக்கத்தில் கடதாசியும் பேனையுமாக ஒரு சிங்கள இளைஞர். முதலில் பைகளை வைத்தார்கள். அவர் முகம் சுருங்கியது.

"ஒன்பது கிலோ கூட. வேற ஆக்களும் ஏறுறாங்க. தயிர் போக ஏலாது."

அனுமதித்ததைவிட ஒன்பது கிலோ! வாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் தட்டிவிட்டுத் தராசில் ஏறினார். எழுபத்திரண்டு. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மூச்சைப் பிடித்தால் பாரம் குறையும் என்று ஒரு நம்பிக்கை. இருபத்திரண்டு. பிறகு உம்மா அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

இளைஞர் முள்ளைப் பார்த்தார், கடதாசியைப் பார்த்தார். "அம்மா, இறங்கித் திரும்ப ஏறுங்க" என்றார்.

உம்மா திரும்பவும் ஏறினார். நாற்பத்திநான்கு.

"தராசு பிழை தம்பி" என்றார் வாப்பா. உம்மாவை இறக்கிவிட்டுத் தானே மறுபடியும் ஏறிப் பார்த்தார். எழுபத்திரண்டில்தான் முள் நின்றது. இறங்க மறந்தவர்போல அவர் அதன்மேலேயே நின்றுகொண்டிருந்தார். இளைஞர் அறுபத்தொன்றை வெட்டிவிட்டு நாற்பத்திநான்கு என்று எழுதினார். "தயிரையும் கொண்டு போங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அந்த மண்டபத்தில் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான். கணக்கில் நான் கெட்டிக்காரி. ஒன்பது போகவும் எட்டு கிலோ மிச்சம்! நாங்கள் தப்பிவிட்டோம். கை தட்டிக் குதித்தேன்.

"உம்மா, பதினேழு கிலோ குறைஞ்சிட்டீங்க! பிளேன் விழாது! இப்ப எல்லாத்தையும் மன்னிச்சிட்டன்!"

உம்மா குனிந்து என் நெற்றியில் கொஞ்சினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "பாத்தியா, உனக்காகத்தானே உம்மா மெலிஞ்சனான்."

விமானம் ஓடி எழும்பியபோது பற்கள் கிடுகிடுத்தன. கீழே எண்ணெய்த் தாங்கிகள் சின்னதாகிக்கொண்டே போயின, பிறகு துறைமுகத்து நீர் மட்டும் தெரிந்தது. முகிலுக்குள் போனதும் ஒரு தடவை விமானம் சட்டென்று கீழே இறங்கியது. முன்னால் இருந்த ஒருவர் கத்தினார். நான் கத்தவில்லை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய காப்பு முழங்கைவரைக்கும் தானாக வழுகிப் போய் வந்தது. அதை மேலும் கீழும் தள்ளி விளையாடிக்கொண்டு வந்தேன். வாப்பாவின் உதடுகள் ஓதிக்கொண்டே இருந்தன, கண்கள் கலங்கியிருந்தன. பாவம், பயந்துவிட்டார் என்று நினைத்து அவர் பக்கம் சாய்ந்து, "பயப்படாதீங்க வாப்பா, பாரம் குறைவுதானே" என்றேன். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உம்மா அதற்குப் பிறகு ஒரேயொரு நோன்புப் பெருநாளைத்தான் கண்டார்.

அன்று காலை அத்தனை பேர் உம்மாவிடம் மாப்புக் கேட்டார்கள். கோழிக்காகச் சண்டை போட்டவர்கூடக் கேட்டார். நான் கேட்கவில்லை. தராசுக்கு முன்னால் நின்று கை தட்டி, நான்தான் உம்மாவை மன்னித்தேன்.