கணினியில் மட்டும் இருந்த பெல்ட்

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சிதம்பரத்தில் நடந்தது இது.

நான் வேலை பார்ப்பது கடலூரில், டிராக்டருக்கும் நெல் அறுக்கும் இயந்திரத்துக்கும் உதிரி பாகங்கள் விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில். சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. இரண்டு இடத்திலும் ஒரே வியாதி. கணினியில் இருக்கும் சாமான் அலமாரியில் இருக்காது. அலமாரியில் இருப்பது கணினிக்குத் தெரியாது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. அலமாரிக்கெல்லாம் எண் ஒட்டினேன். சீட்டு இல்லாமல் ஒரு நட்டுகூட வெளியே போகக் கூடாது என்றேன். 'சாமான் கைமாறிய பிறகே கணினியில் ஏற்ற வேண்டும்' என்று கொட்டை எழுத்தில் அடித்து இரண்டு கவுன்டரிலும் ஒட்டி வைத்தேன்.

சிதம்பரம் கவுன்டரில் இருந்தவர் பதினைந்து வருட அனுபவசாலி. எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருப்பார். சீட்டு எழுதச் சொன்னால், "கூட்டம் ஜாஸ்தி மேடம், அப்பறம் எழுதிடறேன்" என்பார். அந்த 'அப்பறம்' வரவே வராது. அவர்மேல் எனக்கு எப்போதும் ஓர் எரிச்சல்.

அன்று காலை சாமான்களை எண்ணிப் பார்ப்பதற்காக சிதம்பரம் கிளம்பிக்கொண்டிருந்தேன். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி போன் செய்தார். குத்தகை நிலத்தில் மூன்று ஏக்கர் நெல். வாடகைக்குப் பிடித்த அறுவடை வண்டி, பாதி வயலில் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வருகிறதாம். கணினியைப் பார்த்தேன். சிதம்பரத்தில் இரண்டு பெல்ட் இருந்தது. "நேரா சிதம்பரம் கடைக்கு வந்துடுங்க, இருக்கு" என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது, அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்தபடி அவர் கவுன்டர் முன்னால் நின்றிருந்தார். கவுன்டர்காரர் என்னைப் பார்த்ததும், "இந்த சைஸு நம்மகிட்ட இல்லியே மேடம்" என்றார்.

அலமாரியெல்லாம் துழாவினோம். இல்லை.

"நீங்க இருக்குன்னு சொன்னதாலதான் டிரைவர கெஞ்சி நிறுத்தி வெச்சிட்டு வந்தேன். மத்தியானத்துக்குள்ள பெல்ட் வரலன்னா வண்டிய அப்படியே அடுத்த ஊருக்கு எடுத்துனு போயிடுவேன்னு சொல்லிட்டாரு. மழ வந்தா மொத்தமும் சாஞ்சிடும் மேடம்" என்றார் அந்தப் பெண்மணி. அவர் அழவில்லை. ஆனால் குரல் உடைந்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. சீட்டு எழுதாமல் யாருக்கோ கொடுத்திருக்கிறார், இல்லையென்றால் விற்றே இருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஓரமாகப் போய் முதலாளிக்குப் போனில் செய்தி அடித்தேன். இரண்டு பெல்ட் காணாமல் போயிருக்கிறது, இவரை இனி கவுன்டரில் வைத்திருக்கக் கூடாது என்று. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் கவுன்டர்காரர் கேட்டார். "மேடம், அந்த ரெண்டும் என்னிக்கு இங்க வந்ததா காட்டுது?"

"திங்கக்கிழமை."

உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். "நீங்க சொன்னீங்கன்னுதான் இந்த வாரத்துலேர்ந்து எழுதறேன். திங்கக்கெழம வண்டியில ஆயில் டின்னு மட்டும்தான் எறங்குச்சி. பாருங்க."

பார்த்தேன். கோணல் கையெழுத்தில், ஆனால் தெளிவாக எழுதியிருந்தார். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. திங்கட்கிழமை அந்தப் பெல்ட்டுகளைச் சிதம்பரத்துக்கு அனுப்பியதாகக் கணினியில் ஏற்றியது நான்தான். வண்டியில் இடம் இல்லாமல் போனதால் நாளைக்கு அனுப்பலாம் என்று பெட்டியை என் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, அப்படியே மறந்துவிட்டேன். "மாதாவே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கடலூரில் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, என் மேஜைக்கு அடியில் பார்க்கச் சொன்னேன். "ஆமாக்கா, பெட்டி இங்கதான் இருக்கு" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டரிடம் கெஞ்சிப் பெட்டியை ஏற்றிவிட்டு, பஸ் நம்பரையும் சொன்னாள். அந்தப் பெண்மணி டிரைவரிடம் போனில் பேசி இன்னும் கொஞ்ச நேரம் வாங்கினார். "தப்பு என்னோடதுங்க" என்று அவரிடம் சொன்னேன்.

மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஒரு மணி நேரம், வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் நம்பரையும் பார்த்தபடி. கடைசியில் வந்தது. கவுன்டர்காரர் கூட்டத்துக்குள் புகுந்து பெட்டியை வாங்கி வந்தார். அந்தப் பெண்மணி அங்கேயே பிரித்து, அறுந்த பெல்ட்டோடு ஒட்டி வைத்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் பறந்தார்.

கடைக்குத் திரும்பும் வழியில் கவுன்டர்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அடித்த செய்தி உட்பட. அவர் எதிரிலேயே அதை அழித்தேன். அவர், "சீட்டு எழுதாத ஆளத்தான மேடம் மொதல்ல சந்தேகப்படுவாங்க. என் மேலயும் தப்பு இருக்கு" என்றார்.

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "அறுத்து முடிச்சிட்டோம் மேடம். நெல்லெல்லாம் மூட்ட கட்டி ஏத்தியாச்சி. இப்பதான் தூறுது." இந்த முறை அவர் குரலில் சிரிப்பு இருந்தது. போனை வைத்த பிறகுதான், காலையிலிருந்து நான் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாளே முறையை மாற்றினோம். ஓர் இடத்திலிருந்து அனுப்பிய சாமான், போய்ச் சேர்ந்த இடத்தில் வாங்கியவர் கையெழுத்துப் போடும்வரை யார் இருப்பிலும் சேராது. 'வழியில் இருக்கிறது' என்று தனியாகவே காட்டும். இதைச் சொன்னது அந்தக் கவுன்டர்காரர்தான். இன்று இரண்டு இடத்திலும் எண்ணிக்கை பெரும்பாலும் பிசகுவதில்லை. அப்படியே ஏதாவது குறைந்தாலும், யார் எடுத்தது என்று கேட்பதற்கு முன் நான் என்ன செய்தேன் என்று ஒரு நிமிடம் யோசிக்கிறேன். அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பை என் விரலால் அழித்திருப்பேனே என்ற நடுக்கம் இன்னும் போகவில்லை, அது போகவும் வேண்டாம்.