சாதாப் பச்சை

மாடிப்படியில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்டதுமே அவளுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. ஒரு படிக்கு ஒரு பெருமூச்சு, இரண்டு படிக்கு ஒரு இருமல். சந்தேகமே இல்லை, சம்பந்திதான். வேறு யாராவது என்றால் "இன்னைக்கு லீவு" என்று கதவைச் சாத்திவிடலாம். மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டு மனிதரிடம் அப்படிச் சொல்லிவிட முடியுமா?

சம்பந்தி ரொட்டிக்கடை வைத்திருப்பவர். சட்டைக் காலரில் எப்போதும் கொஞ்சம் மாவு இருக்கும். வந்தவர் உட்காரக்கூட இல்லை, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக ஒரு பழைய தபால்தலை. ஏற்கெனவே மூன்று தடவை கொண்டுவந்து, மூன்று தடவையும் இல்லை என்று அவள் சொல்லி அனுப்பிய அதே தபால்தலை.

"ஒரே ஒரு தடவ பாத்துடுங்க சம்பந்தியம்மா. இன்னைக்கு வெளிச்சம் நல்லா இருக்கு."

"வெளிச்சம் போன வாரமும் நல்லாத்தான் இருந்துச்சு."

தபால்தலை சேர்ப்பவர்கள் அவளைப் பூதக்கண்ணாடி என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் கிடையாது. வாழ்நாளில் பாதியை ஓர் அச்சகத்தில் மை கலக்கியே கழித்தவள். வேலையை விட்ட பிறகு, காலனி காலத்துத் தபால்தலைகளில் எது அசல், எது போலி, எது அபூர்வ வகை என்று பார்த்துச் சொல்வது அவள் பொறுப்பாகிவிட்டது. சேகரிப்பாளர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி நடத்தும். அவள் "சரி" என்று சொல்லாத அபூர்வ வகை எதுவும் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறாது. ஒருமுறை சொன்ன சொல்லை அவள் மாற்றியதும் இல்லை.

அதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் காலத்துத் தபால்தலைகள் சிலவற்றை வேண்டுமென்றே கரைகிற மையில் அச்சடித்தார்கள், முத்திரையைக் கழுவிவிட்டு எவனும் மறுபடி ஒட்டக்கூடாதென்று. அதைக் கொண்டுபோய்த் தண்ணீரில் ஊறப்போட்டு, வெளுத்துப் போனதும் "உலகத்துலயே இல்லாத கலர் மேடம்" என்று ஓடிவருவார் ஒருவர். இன்னொருவர் ஓரத்துப் பற்களைக் கத்தரித்துவிட்டு, பல்லே இல்லாத அபூர்வ வகை என்று சாதிப்பார். ஒரு கெட்டிக்காரர் நேற்றைக்கு அச்சடித்த எழுத்தைத் தபால்தலையின் மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த எழுத்து தபால் முத்திரைக்கும் மேலே சொகுசாக உட்கார்ந்திருந்தது. அச்சு முதலில், முத்திரை பிறகு என்கிற சின்ன விஷயம்கூட அந்த மூளைக்கு எட்டவில்லை. போலி முத்திரை அடிக்கும் ஒருவனிடம் ஒரே ஒரு முத்திரைக்கட்டைதான் இருந்தது போல, அவன் கை பட்ட தபால்தலை எல்லாவற்றிலும் ஒரே ஊர், ஒரே தேதி. அன்றைக்கு அந்த ஊரில் எல்லோரும் வேலை வெட்டியை விட்டுவிட்டுக் கடிதம் மட்டுமே போட்டிருக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கோபம் மூக்குமேலேயே குடியேறிவிட்டது. ஆனால் போலி கொண்டுவருகிறவர்களையாவது நாலு வார்த்தை திட்டி அனுப்பலாம். சம்பந்தியின் தபால்தலை போலியும் இல்லை. அதுதான் கழுத்தறுப்பு.

ராணியின் தலை போட்ட, மதிப்புக் குறைந்த தபால்தலை அது. லட்சக்கணக்கில் பச்சையில் அச்சடித்தது. முதல் தடவை அச்சடித்தபோது மட்டும் மையில் நீலம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. அந்த நீலப்பச்சை மிகவும் அரிது. சங்கத்தில் யாரிடமும் கிடையாது, அவளே பல வருடங்களுக்கு முன்னால் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள். இந்த ஒரு தபால்தலையின் வகைகளை மட்டுமே சம்பந்தி காலமெல்லாம் சேர்த்து வருகிறார். கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கத் திங்கட்கிழமை கடைசி நாள். அவள் சரி என்றால் அவர் சட்டத்தின் நடுவில் நீலப்பச்சை இருக்கும். இல்லையென்றால் நடுவில் வெறும் காகிதம்.

அவள் தன் பெட்டியிலிருந்து ஒரு சாதாரணப் பச்சையை இடுக்கியால் எடுத்து, ஜன்னல் ஓரத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் மாதிரி இருந்தன.

"பச்சை. சாதாப் பச்சை."

"கொஞ்சம் நீலம் அடிக்கிற மாதிரி இல்ல?"

"இல்ல சம்பந்தி. நீங்க நூறு தடவ கொண்டாந்தாலும் பச்சை பச்சைதான். இது என்ன ரொட்டியா, வச்சிருக்க வச்சிருக்கக் கலர் மாறறதுக்கு?"

அவர் கோபப்படவில்லை. கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார், உறையைப் பைக்குள் வைத்தார், "அப்ப வரேங்க, இன்னொரு நாள் பாப்போம்" என்று இறங்கிப்போனார். அந்த "இன்னொரு நாள்" என்பதைக் கேட்டதும் அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கீழே அவள் கணவரின் தையல் கடை. சம்பந்தி போன பிறகு அவர் மேலே வந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைத் தடவியபடியே நின்றார். ஏதோ சொல்ல வந்து மென்று விழுங்குகிறார் என்று அர்த்தம்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. எனக்கும் அது கொஞ்சம் நீலமாத்தான்..."

"நீங்க நூல்கண்டு பாக்குறவரு. இதுல தலையிடாதீங்க."

அவர் கீழே போய்விட்டார். நூல்கண்டு விஷயத்திலும் இப்போதெல்லாம் அவருக்குப் பிடிவாதம்தான். போன மாதம் ஒரு சட்டைத் துணிக்குப் பொருத்தமாக அவள் பொறுக்கிக் கொடுத்த நூலை, அவள் அந்தப் பக்கம் போனதும் சத்தமில்லாமல் பிரித்துவிட்டு வேறு நூலில் தைத்தார். வயதானால் ஆண்கள் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலமே மகள் போனில் வந்தாள்.

"மாமா வந்தாராம்மா?"

"வந்தாரு. வந்து உயிர வாங்கிட்டுப் போனாரு."

"அம்மா, நீ ஒரு தடவ கண்ண காட்டிட்டு வாயேன்."

"என் கண்ணுக்கு என்ன கேடு? நாலு வருஷம் முன்னாடி கண்ணாடி இல்லாம எழுத்துத் தெரியாது. இப்ப கண்ணாடிய எங்க வச்சேன்னே தெரியாது, பொடி எழுத்தையெல்லாம் சும்மாவே படிக்கிறேன். வயசாக ஆக எனக்குக் கண்ணு நல்லாத்தான் ஆகுது."

"அப்ப அதையே டாக்டர் வாயால சொல்ல வச்சுடு. நல்லா இருக்குன்னு அவங்க சொல்லிட்டா மாமா உன் பக்கமே வரமாட்டாரு. அதுக்கு நான் பொறுப்பு."

இந்தப் பேச்சில் அவள் விழுந்துவிட்டாள். சம்பந்தியின் தொல்லை ஒழிகிறதென்றால் கண்ணை மட்டுமல்ல, பல்லையும் காட்டிவிட்டு வரலாம்.

கண் டாக்டர் சின்னப் பெண். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கும்மா. நல்லா மஞ்சளா முத்தியிருக்கு."

"புரைன்னா பார்வை மங்கணும். எனக்குக் கிட்டப் பார்வை முன்னவிட நல்லா இருக்கு."

"அதுவும் புரை செய்யற வேலைதான். கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் கெட்டியாகும்போது, கிட்ட இருக்கறது கொஞ்ச காலத்துக்கு நல்லாத் தெரியும். கண்ணு சரியாயிடுச்சுன்னு நிறைய பேரு சந்தோஷப்படுவாங்க."

அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கலரு?"

"மஞ்சக் கண்ணாடி போட்டுட்டுப் பாக்கற மாதிரிதான். நீலம் முதல்ல அடிபடும். மெதுவா வர்றதால உங்களுக்கே தெரியாது."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு எல்லோர்மேலும் கோபம் வந்தது. டாக்டர்மேல், மகள்மேல், ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர்மேல். வாழ்க்கை முழுக்க இந்தக் கண்ணை நம்பித்தான் பேசியிருக்கிறாள். இது இப்போது தன்னிடமே புளுகியிருக்கிறது என்று ஒரு சின்னப் பெண் சொல்கிறாள். திங்கட்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அந்த வாரமே வலது கண்ணில் அறுவை செய்துகொண்டாள்.

மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். எதிரே சுவர் வெள்ளையாக இருந்தது, சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தாள். அதே சுவர் டீ சிந்திய துணியாக இருந்தது. மறுபடி வலது கண். மறுபடி இடது. பக்கத்தில் கணவர் நின்றிருந்தார்.

"இதென்ன, புதுச் சட்டையா?"

"பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்தது. அப்பலேருந்து போட்டுட்டுத்தான் இருக்கேன்."

அழகான நீலம். அவளுக்கு அழுகை வந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அதையும் அடக்க வேண்டியதாயிற்று, அதில் எரிச்சல் இன்னும் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை படியில் பெருமூச்சும் இருமலும் கேட்டன. இந்தத் தடவை அவளே கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். சம்பந்தி உறையை வைத்தார். ஜன்னலோரம், பக்கத்தில் சாதாப் பச்சை. இடது கண்ணுக்கு இரட்டைக் குழந்தைகள். வலது கண்ணுக்கு ஒன்று இலை, இன்னொன்று ஆழமான தண்ணீர். எவனாவது மருந்தில் முக்கி மஞ்சளை எடுத்திருப்பானோ என்று பின்பக்கத்தைத் திருப்பினாள், காகிதத்தைப் பார்த்தாள், பற்களைப் பார்த்தாள், முத்திரை மை கலங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அவள் ஒரே ஒருமுறை பார்த்த அந்த நீலப்பச்சையேதான்.

"நீலப்பச்சை," என்றாள். வெட்கத்தில் காது சுட்டது. "நாலு தடவ உங்களத் திட்டி அனுப்பினேன். ஒரு தடவையாவது திருப்பிச் சண்ட போட்டிருக்கலாமில்ல?"

சம்பந்தி மாவுக் காலரைத் தடவிக்கொண்டார். "உங்க பொண்ணுதான் சொன்னா. 'அம்மாவுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு மாமா, கலரெல்லாம் மாத்திச் சொல்றாங்க. நான் சொன்னா என்னைத் தொரத்திடுவாங்க, அப்பாவுக்கு வாயே வராது. நீங்க சம்பந்தி, உங்களத் தொரத்த முடியாது, போய் நச்சரிச்சுட்டே இருங்க'ன்னு. எனக்கும் கண்காட்சியில வைக்கணும்னு ஆச. அதான் வந்துட்டே இருந்தேன்."

"அப்ப இது நீலப்பச்சைன்னு உங்களுக்குச் சந்தேகமே இல்லையா?"

"எனக்கென்ன சந்தேகம். சங்கத்துல காட்டினேன். எல்லாருக்கும் நீலமாத்தான் தெரிஞ்சுது."

"எல்லாருக்குமா? செயலாளருக்கு?"

"அவருக்குந்தான்."

"பின்ன ஏன் ஒருத்தரும் எங்கிட்ட வாயத் திறக்கல?"

சம்பந்தி டீ டம்ளருக்குள் பார்த்தார். "யாரு சம்பந்தியம்மா திறப்பாங்க?" என்றார்.

அவர் போன பிறகு அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி என்பதால் இவர் ஐந்து தடவை வந்தார். மற்றவர்கள்? இந்த நாலு வருடத்தில் பச்சை என்றும் நீலம் என்றும் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் ஒரே தடவை வந்து, வாங்கிக் கட்டிக்கொண்டு, போனவர்கள் போனவர்கள்தான். ஒரு பஸ் கண்டக்டர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் கொண்டுவந்ததும் இதே ராணி தலைதான். சீருடையோடு வந்து நின்றவர் உட்காருவதற்குள் "சாதாப் பச்சை" என்று சொல்லிவிட்டாள். அவரும் "சரிங்க மேடம்" என்று போய்விட்டார். எத்தனை பேரை இப்படி அனுப்பினாளோ. நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலையில் கறுப்புக் கண்ணாடியோடு சங்கத்துக்குப் போனாள். சம்பந்தியின் தபால்தலைக்குச் சரி சொன்னாள். பிறகு செயலாளரிடம், இந்த நாலு வருடத்தில் தான் நிறம் பார்த்துச் சொன்ன எதுவும் செல்லாது, எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்றாள். அறையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எதுக்கு மேடம் பழசக் கிளறணும்? யாருமே புகார் சொல்லலையே."

"சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? கூப்பிடுங்க."

இரண்டாவது கண்ணும் சரியான பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கண்டக்டரும் வந்தார். டிக்கெட் பைக்குள்ளிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டிவிட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அவள் அதைச் சம்பந்தியிடம் இரவல் வாங்கி வைத்திருந்த நீலப்பச்சையின் பக்கத்தில் வைத்தாள். நீலமாக இருக்க வேண்டுமே என்று கும்பிடாத குறையாகப் பார்த்தாள். இரண்டு கண்ணாலும் பார்த்தாள், ஒவ்வொரு கண்ணாலும் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அது பச்சைதான்.

"பச்சை மாதிரிதான் இருக்குங்க," என்றாள், தன்னால் முடிந்தவரை மெதுவாக.

"சரிங்க மேடம்." அவர் அதைத் திரும்ப வாங்கக் கையை நீட்டிவிட்டார், கால் ஏற்கெனவே படிப்பக்கம் திரும்பிவிட்டது.

"நில்லுங்க. என்ன சரிங்க? போன தடவையும் இப்படித்தான் சரின்னீங்க. நான் தப்பாச் சொல்லியிருந்தா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் மேடம் இருக்கும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டு அவரை உட்காரவைத்தாள். இரண்டு தபால்தலைகளையும் அவர் முன்னால் தள்ளி, லென்ஸை அவர் கையில் திணித்தாள்.

"நீங்களே பாருங்க. உங்களுக்கு என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க. நீலமாத் தெரிஞ்சா நீலம்னு சொல்லுங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

கண்டக்டர் லென்ஸைக் கண்ணருகே தூக்கினார். ஆனால் தபால்தலையைப் பார்க்கவில்லை. லென்ஸுக்கு மேலாக அவள் முகத்தைப் பார்த்து, எதைச் சொன்னால் அவளுக்குச் சரியாக இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார்.